மடியில் முடிந்த புளியங்கொட்டைகள்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த பயிற்சி முகாமுக்கு என்னையும் அழைத்து, சால்வை போர்த்தி, முன்வரிசையில் உட்காரவைத்தீர்கள். நன்றி. சால்வையும் நல்ல சால்வைதான். ஆனால் மலை மக்களிடம் கருத்துக் கேட்க என்று அன்று நீங்கள் திரையில் போட்டுக் காட்டிய செயலியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருந்தால் கத்தியிருப்பேன். விருந்தாளியாகப் போன இடத்தில் கத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஓய்வு பெற்றவளுக்குக் கோபத்தைக் கொட்ட எழுத்தை விட்டால் வேறு இடம் இல்லை, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

செயலியில் ஒரு கேள்வி வந்தது. கல்வராயன் மலைக்கு வரவிருக்கும் திட்டங்களில் உங்களுக்கு அதிகம் விருப்பமானது எது என்று கேட்டது. கீழே மூன்று வட்டங்கள். ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் 'அடுத்து' என்ற பொத்தானுக்கு உயிர் வருகிறது. தொடாவிட்டால் அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. "மூணுமே வேணாம்னு ஒருத்தர் சொன்னா?" என்று கேட்டேன். விளக்கிக்கொண்டிருந்த பெண் கெட்டிக்காரப் பெண். சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "அப்ப சப்மிட் ஆகாது மேடம். எதுனா ஒண்ண சொல்லச் சொல்லிக் கேட்டு வாங்கிடுவோம்."

கேட்டு வாங்கிடுவோமாம். கடன்காரனிடம் பேசுகிற மாதிரி. எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் எரிந்தது என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் மல்லிகாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் ஒரு பேராசிரியர். பெயர் வேண்டாம். நான் எலவனாசூர்கோட்டைக்காரி, தண்ணீர் முறைக்காக வரப்பில் மண்வெட்டியோடு நின்று சண்டை போட்ட குடும்பத்தில் பிறந்தவள். சூழல் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு அவரிடம் சேர்ந்தபோது எனக்குப் புத்தகம் தெரியும், சண்டை தெரியும், மலை தெரியாது. மலையில் எப்படி நடப்பது, ஒரு வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் சும்மா நிற்பது, கேள்வியை எப்போது கேட்காமல் விடுவது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவரைத் திட்டப் போகிறேன், நன்றி கெட்டவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சேர்ந்த புதிதில் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்திருந்தோம். ஜீப் பாதை போடுகிற ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். ஊர் மாடு மேய்கிற பொது நிலத்தின் நடுவே பாதையை இழுக்க அவருக்கு ஊரின் சம்மதமும் கூலி ஆளும் வேண்டும். தட்டு நிறைய வெற்றிலை பாக்கு வாங்கி வந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அவர் மகிழ்ச்சியோடு ஜீப்பில் ஏறிப் போனார். பேராசிரியர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா, யாராவது வாய்ல போட்டாங்களா?" என்றார். நான் அப்போதுதான் பார்த்தேன். ஆண்கள் இடுப்பில் செருகியிருந்தார்கள். பெண்கள் முந்தானையில் முடிந்திருந்தார்கள். "இந்த ஊர்ல குடுத்தா வாங்கறது மரியாதை. போட்டா சம்மதம். மடியில முடிஞ்சா இல்லன்னு அர்த்தம். மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

அடுத்த வாரம் ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்க வந்தபோது கூலிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. வெற்றிலை வாங்கினார்களே என்று அவர் புலம்பியதைப் பார்த்து நானும் பேராசிரியரும் ஜீப்பில் சிரித்துக்கொண்டே மலை இறங்கினோம். அந்தச் சிரிப்பை மறந்துவிடாதீர்கள்.

பல வருஷம் கழித்து அதே மலைக்குச் சுற்றுலாத் திட்டம் ஒன்று வந்தது. அருவிக்கு மேலே ஓடையை மறித்துப் படகுக் குளம் கட்டலாம், அல்லது பள்ளத்தின் குறுக்கே கண்ணாடிப் பாலம் போடலாம், அல்லது சாகசப் பூங்கா அமைக்கலாம். மூன்றில் எது சூழலுக்கும் மக்களுக்கும் ஏற்றது என்று ஆராய்ந்து சொல்வது எங்கள் வேலை. நம்முடைய துறையின் பிழைப்பே அதுதானே. முடிவெடுக்கிறவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக, வழிகளை வரிசையாக வைத்து, நல்லது கெட்டதை எடை போட்டு, எது முந்துகிறது என்று காட்டுவது. நேர்மையாகச் செய்தால் அருமையான வேலை. அந்த மூன்று வழிகளையும் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்ல. பெரிய நகரத்திலிருந்து வந்த ஒரு ஆலோசகர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, படமும் வரைந்து அனுப்பியிருந்தார்.

மல்லிகா அந்த மலை ஊர்க்காரி. அவள் கழனி அந்த ஓடைக்குக் கீழே இருந்தது. மழையை நம்பி ஒரு போகம் அங்கே எல்லோரும் எடுப்பார்கள். ஓடை கோடையிலும் வற்றாததால் அவளுக்கும் இன்னும் சில குடும்பங்களுக்கும் இரண்டாம் போகமும் உண்டு. அவள் புருஷன் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை. "ரெண்டாம் போகம் மட்டும் இல்லன்னா நானும் பொட்டிய கட்டிக்கினு அவர் பின்னாடி போக வேண்டியதுதான் மேடம். எம்பொண்ணு படிப்பு அதோட முடிஞ்சுது" என்று ஒருமுறை சொன்னாள். படகுக் குளம் வந்தால் கோடைத் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கருத்துக் கேட்கும் நாளில் பலா மரத்தடியில் மூன்று படங்களையும் விரித்தோம். படகில் சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைகள், பாலத்தில் கூலிங்கிளாஸ் போட்ட ஆண்கள். மலைக்காரர் ஒருவர்கூட எந்தப் படத்திலும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பங்கேற்க வேண்டும் என்பதால் ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுத்தோம். பிடித்த படத்தின் மேல் வைக்க வேண்டும், அதிகம் பிடித்ததில் அதிகம் வைக்கலாம். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற முறை இது. அதில் தப்பில்லை.

இளவட்டங்கள் வந்து படகுக் குளத்தின் மேல் கொட்டையைக் குவித்தார்கள். படகு ஓட்டும் வேலை கிடைக்கும் என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். வேலை கேட்கிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். சாலையோரம் நிலம் வைத்திருந்த சிலரும் அதிலேயே வைத்தார்கள். மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள், படங்களைக் குனிந்து பார்த்தார்கள், கையை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். மல்லிகா மூன்றையும் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, கொட்டையை முந்தானையில் போட்டு முடிந்துகொண்டாள்.

"இன்னா மல்லிகா, வைக்கலியா?" என்று கேட்டேன்.

"வாங்கிக்கினேன் இல்ல மேடம். அது போதும்."

படங்களின் மேல் இருந்ததையெல்லாம் திரும்ப அள்ளிப் போட்டும், நிறைத்துக் கொண்டுபோன பை பாதிக்கும் கீழே இறங்கித் திரும்பியது. ஜீப்பில் பேராசிரியரிடம், "சார், வெத்தலை மாதிரியே முடிஞ்சுக்கிட்டாங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பாத்தேன்" என்றார்.

பிறகு அறிக்கை வந்தது. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் படகுக் குளத்தை விரும்பினர் என்று இருந்தது. படத்தின் மேல் இருந்த கொட்டைகளை மட்டும் மொத்தமாக வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். முடிந்துகொண்டு போனவர்களைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் இரண்டு சொல் இருந்தது: விடுபட்ட தரவு.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மழைமானி மழையில் அடித்துக்கொண்டு போனால் அது விடுபட்ட தரவு. சோதனைக்கு எடுத்த இலையைப் பூச்சி அரித்துவிட்டால் அது விடுபட்ட தரவு. ஒரு பெண் குனிந்து பார்த்து, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, கொட்டையை முடிந்துகொண்டு போனால் அது பதில். அன்று அந்த மரத்தடியில் கிடைத்ததிலேயே தெளிவான பதில் அதுதான். அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, போட்ட குப்பைக்கு ஒரு விஞ்ஞானப் பெயரும் வைக்கிறோம்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"வச்ச கொட்டையத்தாம்மா எண்ண முடியும். வைக்காதத எந்தக் கட்டத்துல போடுறது?" என்றார்.

"மடியில முடிஞ்சா இல்லன்னு அர்த்தம்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான் சார்."

"அது கதைம்மா. இது ரிப்போர்ட்."

அவர் தலை நிமிரவில்லை. "அடுத்த கட்ட ஆய்வும் நம்மகிட்டயே வரணும், புரிஞ்சுக்கோ. கூட்டத்துல நீயே இத எடுத்துச் சொல்லிடு. மலை ஜனங்கள உனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். தன் வாயால் சொல்லக் கூசியதால்தான் என்னைச் சொல்லச் சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

முடிவெடுக்கும் கூட்டம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாளே மல்லிகாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன்: நீயும் மத்தவங்களும் வாங்க, அந்தக் கொட்டையையும் எடுத்துக்கிட்டு வாங்க. மேசை மேல் கொட்டிக் காட்டிவிடலாம், அதன் பிறகு யார் விடுபட்ட தரவு என்று சொல்வார்கள் பார்க்கலாம் என்பது என் திட்டம். மனசுக்குள் அந்தக் காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காலை பஸ்ஸில் ஏழெட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மண்டப வாசலிலேயே மல்லிகாவைப் பிடித்து, "கொட்டை எங்க?" என்றேன்.

"அத்த அன்னிக்கே வறுத்தாச்சே மேடம். பசங்க துன்னுட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"புளியங்கொட்டைய இன்னாத்துக்கு மேடம் வச்சிக்கினு இருப்பாங்க?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. புளியங்கொட்டையைச் சாட்சிப் பொருளாகப் பத்திரப்படுத்தி வைப்பார்கள் என்று எதிர்பார்க்க ஒரு ஆராய்ச்சியாளரால்தான் முடியும். என் ஆதாரம் முழுவதும் பிள்ளைகளின் வயிற்றில் போய்ச் செரித்திருந்தது. வந்த கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு இறங்கலாம். ஆதாரம் இல்லை, யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். பிறகு, நான் பார்த்ததைச் சொல்ல எனக்கு எதற்கு வறுத்த கொட்டை என்று தோன்றியது. பெரும்பான்மை என்று எழுதியிருந்த வரியைப் படித்தேன். படித்துவிட்டு, "இது வைத்தவர்களின் கணக்கு. வாங்கிக்கொண்டு வைக்காமல் போனவர்கள் இவர்களைவிட அதிகம். நான் கூடவே நின்று பார்த்தேன். அவர்கள் மூன்றையும் மறுத்தார்கள்" என்றேன்.

ஆலோசகர் எழுந்தார். "ஆதாரம் மேடம்?" நான் பையைப் பற்றிச் சொன்னேன், நிறைந்து போய்ப் பாதிக்கும் கீழே வந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பையில ஓட்டை இருந்திருக்கலாம்." மண்டபமே சிரித்தது. படித்தவர்கள் கூடிச் சிரிக்கும்போது ஒரு சத்தம் வரும். அதை நீங்கள் கேட்க நேரக் கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் கேட்பீர்கள்.

பின்வரிசையில் மல்லிகா எழுந்து நின்றாள்.

"பையில ஓட்டை இல்லீங்க. பை நல்லாத்தான் இருந்துச்சு. நாங்கதான் வைக்கல. வேணாம்னு சொல்லணும்னா எந்தப் படத்துல வைக்கணும்? அந்தப் படத்த எங்களுக்குக் காட்டவே இல்லியே. இப்பக் காட்டுங்க, இங்கியே வைக்கிறோம்."

சிரிப்பு நின்றது. தலைமை தாங்கிய அதிகாரி கெட்டவர் அல்ல. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆலோசகரைப் பார்த்தார். ஆய்வின் வடிவமைப்பில் அப்படி ஒரு வழி இல்லை என்றார் ஆலோசகர். அதிகாரி பேராசிரியர் பக்கம் திரும்பினார். "சார், இந்த மலையில உங்களுக்கு ரொம்ப வருஷப் பழக்கம். நீங்க சொல்லுங்க. வைக்காததுக்கு இல்லன்னு அர்த்தம் உண்டா?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். மல்லிகாவும் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும். உண்டு என்று சொன்னால் போதும், எல்லாம் நின்றிருக்கும். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்தார். மூடியை மெதுவாகத் திருகினார். "வைக்கப்பட்டதை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். அதுதான் முறை" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டார்.

மல்லிகா உட்காரவில்லை. "அப்ப வெயில் காலத்துல எங்க கழனிக்குத் தண்ணி வுடுவீங்களா?" என்று கேட்டாள். "கண்டிப்பா விடுவோம்மா" என்றார் அதிகாரி. அதைச் சொல்லும்போது அவர் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் பேராசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நாம கல்யாணத்துக்கு வந்த சமையல்காரங்க மாதிரிம்மா. பொண்ணு புடிச்சிருக்கா இல்லியான்னு நம்மள யாரும் கேக்கல."

"உங்களைக் கேட்டாங்க சார். இப்பத்தான் கேட்டாங்க" என்றேன். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். உடனே எடுத்தார்கள், அதில் மட்டும் தாமதமே இல்லை. மலை வேலையிலிருந்து என்னையும் எடுத்து, மண் பரிசோதனைக் கூடத்தில் குடுவை கழுவுகிற பிரிவுக்கு அனுப்பினார்கள். பேராசிரியரோடு அதற்குப் பிறகு நான் பேசவில்லை. அவர் இறந்தபோது போய் நின்றேன், அழுதேன். கோபம் இருந்தால் அழுகை வராது என்று யார் சொன்னது.

குளம் வந்தது. படகும் வந்தது. படகு ஓட்டக் கீழிருந்து பயிற்சி பெற்ற ஆட்களைக் கூட்டி வந்தார்கள், அந்த இளவட்டங்களுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதும் வேலை கிடைத்தது. கோடையில்தான் கூட்டம் ஜாஸ்தி, கோடையில்தான் தண்ணீர் கம்மி. படகு தரை தட்டக் கூடாது என்பதற்காக மதகை அடைத்தார்கள். கழனிக்கு இரண்டாம் போகம் நின்றது. மல்லிகா சொன்னபடியே பெட்டியைக் கட்டிக்கொண்டு கேரளத்துக்குப் போனாள். மகள் படிப்பும் அதோடு நின்றது. நம் துறைக் கருத்தரங்குகளில் அந்த அறிக்கையை மக்கள் பங்கேற்புக்கு நல்ல உதாரணமாக இன்றைக்கும் காட்டுகிறார்கள். உங்கள் பயிற்சியிலும் காட்டினீர்கள். அதில் இருக்கிற பலா மரத்தடிப் புகைப்படத்தில் ஓரமாக நிற்பது நான்தான்.

இப்போது மல்லிகா ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள். புருஷனுக்கு முதுகு போய்விட்டது. படகுக் குளத்தின் வாசலில் சோளம் வேகவைத்து விற்கிறாள். போன வாரம் போய்ப் பார்த்தேன். எப்படி இருக்கே என்று கேட்டேன்.

"இன்னா மேடம் குறை. என் தண்ணி பக்கத்துலதான் ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள்.

சோளக்கதிரை ஓலையில் வைத்துக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். கிளம்பும்போதுதான் அவள் இதைச் சொன்னாள்.

"ஒரு வாரத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு மேடம், சிலேட்டு மாதிரி பெரிய போனு வச்சிக்கினு. புதுசா இன்னாவோ மூணு கட்டப் போறாங்களாம், எது வேணும்னு கேட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. மறுபடி மறுபடி கேட்டுக்கினே இருந்துச்சு. பாவம், வெயில்ல நின்னுக்கினு இருந்துச்சு. நான் சோளத்தத் திருப்பிக்கினு இருந்தேன். அப்புறம் அதுவே ஒண்ணத் தொட்டுட்டு, தேங்ஸ் அக்கான்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

எங்கள் காலத்தில் மல்லிகா சொன்ன 'இல்லை' தொலைந்துபோனது. நீங்கள் இன்னும் கெட்டிக்காரர்கள், அவள் வாயைத் திறக்காமலே அதை 'ஆமாம்' ஆக்கிவிட்டீர்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொத்தான் செத்துக் கிடந்தால் வெயிலில் நிற்கிறவள் என்ன செய்வாள். அந்தப் பொத்தானை அப்படிச் செய்யச் சொன்னவர்கள்மேல் கோபம். மேலிடத்து வடிவமைப்பு, நம் கையில் இல்லை என்று பயிற்சியின்போது நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. பேராசிரியரும் அப்படித்தான் தண்ணீர் குடித்தார். 'எதுவும் வேண்டாம்' என்று நான்காவதாக ஒரு வட்டம் வராமல் அந்தச் சிலேட்டோடு மலை ஏறாதீர்கள். ஏறச் சொல்கிறவரிடம் மறுத்துச் சொல்லுங்கள். குடுவை கழுவ அனுப்புவார்கள், கழுவுங்கள். நான் கழுவினேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. நான் பஸ் ஏறுகிறபோது மல்லிகா கூப்பிட்டு ஒன்று கேட்டாள். அதைக் கேட்டுச் சொல்வதாக அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

"அந்தப் பொண்ணு மூணுல எதத் தொட்டுச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மேடம். நான் இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரிய வாணாமா?"